உப்பறிந்து மீனை விடுவோம்



கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என்று எங்கள் கரையோர ஊர்களில் வீட்டுக்குப் பின்னால் இரண்டு சீமெந்துத் தொட்டி கட்டி அலங்கார மீன் வளர்க்கும் பெண்கள் பலர் இருக்கிறார்கள். கப்பி, மொலி, தங்கமீன் என்று தொடங்கி, கொஞ்சம் கை பழகியதும் கடல் மீன் பக்கம் மனம் போகும். நிறமும் அழகும் கூடுதல், விலையும் கூடுதல். அந்தக் கூடுதல் விலைதான் எங்களைப் போன்றவர்களுக்கு ஆசையும் ஆபத்தும். ஒரு தடவை மீன் செத்தால் ஒரு மாதச் சாப்பாட்டுக் காசு தண்ணீரில் போய்விடும்.

எனக்கும் அப்படி ஒரு தடவை போனது. அதைச் சொல்லிவிட்டே விடயத்துக்கு வருகிறேன்.

2006ஆம் ஆண்டு. சுனாமி வந்து ஒன்றரை வருடம் கடந்திருந்தது. அதற்கு முன்பே யுத்தத்தில் குடும்பப் பாரம் என் தலையில் விழுந்திருந்தது. பெண்கள் குழுவில் எடுத்த சிறு கடனில் கப்பியும் மொலியும் வளர்த்து விற்று, பிள்ளைகளின் கொப்பி, பென்சில் செலவைச் சமாளித்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு டிஸ்பென்சரிக்காரர், நோயாளர்கள் காத்திருக்கும் இடத்தில் ஒரு கடல் மீன்தொட்டி வைத்துத் தரமுடியுமா என்று கேட்டார். முடியும் என்று சொல்லிவிட்டேன். கடலைப் பார்த்து வளர்ந்தவளுக்குக் கடல்தண்ணீர் தெரியாதா என்ற நினைப்பு.

தொட்டியை முதலில் என் வீட்டிலேயே வைத்து, கடல்நீர் நிரப்பி, காற்று மோட்டர் போட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஓடவிட்டேன். பிறகு கொழும்பில் இருந்து 12 மீன்கள் வரவழைத்தேன். இராத்திரி பஸ்ஸில் ஏறி விடியற்காலை வந்து சேர்ந்தன. எல்லாம் உயிரோடு இருந்தன. யாரோ சொல்லித் தந்தபடி பைகளை 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, பிறகு மீன்களைத் தொட்டிக்குள் விட்டேன். அன்று பின்னேரம் அவை ஓடித்திரிந்ததைப் பார்த்து பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் கூடிவிட்டார்கள்.

இரண்டாம் நாள் சாப்பிட மறுத்தன. மூன்றாம் நாள் மூச்சு வேகமாக வாங்கின. கண் உள்ளே போனது போலவும் முதுகு மெலிந்தது போலவும் தெரிந்தது. நான்காம் நாள் சுபஹுக்கு எழும்பிப் பார்த்தபோது ஒன்பது மீன்கள் செத்துக் கிடந்தன. உடம்பில் புண் இல்லை, புள்ளி இல்லை. என்ன நோய் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

விடயம் தெரிந்த ஓர் உத்தியோகத்தர் ஒரு வாரத்துக்குள் அந்தப் பக்கம் வந்தார். மீன் வந்த பைகளில் ஒன்று, மிச்சத் தண்ணீரோடு வாய் கட்டியபடி மூலையில் கிடந்தது. அவர் அந்தத் தண்ணீரையும் தொட்டித் தண்ணீரையும் அளந்து பார்த்தார். பைத் தண்ணீரில் ஒரு லீற்றருக்கு 25 கிராம் உப்பு. என் தொட்டியில் 37 கிராம். “தங்கச்சி, நோய் ஒன்றும் இல்லை. மீன்கள் தண்ணீருக்குள்ளேயே தாகத்தில் செத்திருக்கின்றன” என்றார்.

தண்ணீருக்குள் இருக்கும் மீனுக்குத் தாகமா? எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. ஆனால் அவர் சொன்னது உண்மை. அதை விளங்கிக்கொண்ட பிறகு அந்தத் தவறு எனக்குத் திரும்ப நடக்கவில்லை. உங்களுக்கு ஒரு தடவைகூட நடக்கக் கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

உப்பு என்ன செய்கிறது?

கருவாடு போட்ட கைகளுக்கு இதை விளக்குவது சுலபம். மீனை வெட்டி உப்புத் தடவி வைத்தால் சற்று நேரத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டு வரும். நாங்கள் தண்ணீர் ஊற்றவில்லை, மீனுக்குள் இருந்த தண்ணீரையே உப்பு வெளியே இழுத்தது. அதே கருவாட்டைச் சமைக்கும் முன் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டால் ஊதிப் பெருக்கும். தண்ணீர் எப்போதும் உப்புக் குறைந்த பக்கத்தில் இருந்து உப்புக் கூடிய பக்கத்துக்கே மெல்லிய தோலை ஊடறுத்துப் போகும். பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் இதற்குப் பிரசாரணம் என்று பெயர்.

உயிருள்ள மீனிலும் இதுவே நடக்கிறது. கடல்நீரில் ஒரு லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. கடல்மீனின் இரத்தத்தில் இருப்பது அதன் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். ஆகவே கடல், மீனின் உடம்பில் இருந்து ஓயாமல் தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கிறது. அதை ஈடுசெய்ய மீன் கடல்நீரைக் குடிக்கிறது. குடித்த உப்பை அதன் பூவில், அதாவது செவுளில் இருக்கும் விசேட கலங்கள் வெளியே தள்ளுகின்றன. சிறுநீரும் கொஞ்சமாகவே போகும். இப்படித்தான் அது உயிர் வாழ்கிறது.

நன்னீர் மீனுக்கு நேர்மாறு. அதன் உடம்பில் உப்புக் கூட, வெளியே குறைவு. தண்ணீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். அது தண்ணீர் குடிப்பதில்லை, சிறுநீராக வெளியேற்றிக்கொண்டே இருக்கும்.

உப்புக் குறைந்த தண்ணீரில் சில வாரங்கள் இருந்த கடல்மீனுக்கு உப்புத் தள்ளும் வேலை குறைவு. திடீரென்று உப்புக் கூடிய தண்ணீரில் விட்டால், அதன் பூவில் அந்த வேலைக்குத் தேவையான அளவு ஆயத்தம் இருக்காது. ஆயத்தமாவதற்குச் சில நாட்கள் பிடிக்கும். அதற்குள் உடம்புத் தண்ணீர் வற்றிவிடும். எங்கள் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்தால் கண் குழிவிழுந்து நாக்கு வறண்டு போகுமே, அதே நிலைதான். அதனால்தான் முதல் நாள் நன்றாக ஓடித்திரியும் மீன் மூன்றாம் நான்காம் நாளில் சாகிறது. நாங்களும் காரணத்தை வேறு எங்கோ தேடுகிறோம்.

இதில் மனதில் பதிக்க வேண்டிய ஒன்று உண்டு. உப்புக் கூடிய தண்ணீரில் இருந்து ஓரளவு குறைந்த தண்ணீருக்கு மாறுவதைப் பெரும்பாலான கடல்மீன்கள் தாங்கும். குறைந்ததில் இருந்து கூடியதற்கு மாறுவதே கடினம். இறக்கம் சுலபம், ஏற்றம் மெதுவாக.

விற்பனை செய்யும் இடங்களில் கடல்மீன்களைக் கொஞ்சம் உப்புக் குறைத்து வைத்திருப்பது வழக்கம். சில ஒட்டுண்ணிகள் குறையும், உப்புச் செலவும் குறையும். அது பிழையான வேலை அல்ல. ஆனால் வாங்குகிறவர் கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் ஆபத்து. நான் கேட்கவில்லை. அதுதான் என் பிழை.

களப்பு சொல்லித்தரும் பாடம்

இந்த விடயத்தில் எங்கள் களப்பைவிடப் பெரிய ஆசிரியர் இல்லை. மட்டக்களப்புக் களப்பு ஏறாவூர்ப் பக்கம் தொடங்கி எங்கள் கல்முனை வரை சுமார் 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் கடலோடு சேர்கிறது. கோடையில் மணல் மேடு முகத்துவாரத்தை அடைக்கும். மாரியில் வெள்ளம் வந்ததும் அது உடைந்தோ வெட்டப்பட்டோ களப்புநீர் கடலுக்குப் பாயும். ஒரே களப்பில் ஒரு மாதம் கரிக்கும், இன்னொரு மாதம் வாயில் வைத்தால் உப்பே தெரியாது.

இந்த மாற்றத்தோடு வாழும் மீன்கள் எத்தனை! கொடுவா கடல் பக்கம் போய் முட்டையிடும், அதன் குஞ்சுகள் களப்புக்குள் வந்து வளரும். மணலையும் பாலைமீனும் அப்படியே கடலுக்கும் களப்புக்கும் போய்வரும். சந்தையில் கொரலியா என்ற சிங்களப் பெயராலும் சொல்லப்படும் மீன் களப்பிலும் இருக்கும், நன்னீரிலும் இருக்கும். அவை வாழ்வதற்குக் காரணம், உப்பு மாற்றம் அவற்றுக்குப் பொதுவாக மெதுவாக வருவதும், பிடிக்காவிட்டால் வேறு பக்கம் நீந்திப் போக இடம் இருப்பதுமாகும். தொட்டிக்குள் விட்ட மீனுக்கு ஓடிப்போக இடம் இல்லை.

எங்கள் ஊரில் வயதான மீன்பிடிகாரர் ஒருவரிடம் என் நஷ்டத்தைச் சொன்னபோது அவர் சொன்ன வார்த்தை இன்னும் காதில் நிற்கிறது: “மகள், களப்புக்கே கடல் கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏறும். நீங்க ஒரேயடியா ஏத்தினா மீன் என்ன செய்யும்?”

உப்பின் அளவு எவ்வளவு முக்கியம் என்பதை உலகத்துக்கு உணர்த்திய ஒரு சம்பவமும் உண்டு. நன்னீரில் வளரும் பெரிய இறாலின் குஞ்சுகளை வளர்த்தெடுக்க விஞ்ஞானிகள் முயன்றபோது அவை செத்துக்கொண்டே இருந்தன. 1961ஆம் ஆண்டில் அன்றைய மலாயாவின் பினாங்கில் பணியாற்றிய ஷாவோ வென் லிங் என்பவர், அந்தக் குஞ்சுகள் உயிர் வாழக் கொஞ்சம் உப்புக் கலந்த தண்ணீர் வேண்டும் என்று கண்டுபிடித்தார். தாய் இறால் ஆற்றில் வாழ்ந்தாலும் குஞ்சு பொரிக்க முகத்துவாரப் பக்கம் இறங்கி வருவது அதனால்தான். இன்று பொரிப்பகங்களில் ஒரு லீற்றருக்குச் சுமார் 12 கிராம் உப்புள்ள தண்ணீரில் குஞ்சுகளை வளர்த்து, பிறகு உப்பைப் படிப்படியாகக் குறைத்து, நன்னீருக்குப் பழக்கிய பின்பே குளங்களில் விடுகிறார்கள். எங்கள் நாட்டில் 1999இல் தொடங்கிய தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை, நக்டா என்று சொல்வோமே, அதுவும் குளங்களில் இந்த இறால் குஞ்சுகளை விட்டு வருகிறது. ஆயிரக்கணக்கான குஞ்சுகளுக்குச் செய்வதும் எங்கள் வீட்டில் நாலு மீனுக்குச் செய்வதும் ஒரே வேலைதான்.

உப்பை அளப்பது எப்படி?

நாக்கில் வைத்துப் பார்ப்பது போதாது. 25 கிராமும் 35 கிராமும் நாக்குக்கு ஒன்றுதான், இரண்டும் கரிக்கும். ஊறுகாய்க்கு உப்புத் தண்ணீர் கரைக்கும்போது முட்டையை மிதக்கவிட்டுப் பார்ப்போமே, அதுவும் இங்கு உதவாது. புது முட்டை கடல்நீரிலும் தாழும். அது மிதப்பதற்கு அதைவிடப் பல மடங்கு உப்பு வேண்டும்.

நீரமானி: மீன் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். சாதாரண கடல்நீரில் சுமார் 1.025 அல்லது 1.026 காட்டும். ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரில் கழுவி வையுங்கள். முள்ளில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் தவறாகக் காட்டும்.

ரிஃப்ராக்டோமீட்டர்: ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்துக் கண்ணால் பார்க்கும் குழாய். விலை கூட, ஆனால் திருத்தமானது. ஒரு குழுவாகச் சேர்ந்து ஒன்று வாங்கி எல்லோரும் பாவிக்கலாம்.

போத்தலும் தராசும்: இரண்டும் இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு போதும். 1 லீற்றர் போத்தலை நன்னீரால் விளிம்பு முட்ட நிரப்பி நிறுத்து எழுதுங்கள். அதே போத்தலைத் தொட்டித் தண்ணீரால் விளிம்பு முட்ட நிரப்பி நிறுங்கள். இரண்டாவது சுமார் 26 கிராம் கூடுதலாக இருந்தால் உப்பு 35 கிராம். 22 கிராம் கூடினால் ஏறக்குறைய 30. பதினெட்டு, பத்தொன்பது கிராம் கூடினால் ஏறக்குறைய 25. இரண்டு தண்ணீரும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும், போத்தலின் வெளிப்பக்கம் துடைத்திருக்க வேண்டும். மூன்று தடவை நிறுத்துச் சராசரி எடுப்பது நல்லது. கருவிக்கு இது சமம் இல்லை, ஆனால் 25ஐயும் 37ஐயும் வேறுபடுத்திக் காட்டும். எனக்கு அன்று இது தெரிந்திருந்தால் ஒன்பது மீன்கள் பிழைத்திருக்கும்.

வந்த நாளில் செய்ய வேண்டியவை

1. மீன் வருவதற்கு முன்பே, விற்பவரிடம் தொலைபேசியில் கேளுங்கள்: எந்த அளவு உப்பில் வைத்திருக்கிறீர்கள்? எத்தனை நாளாக? என்ன சாப்பிடுகிறது? கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

2. அவர் சொன்ன அளவில் ஒரு தனித் தொட்டியில் 20 லீற்றர் தண்ணீர் ஆயத்தம் செய்யுங்கள். மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியும் போதும். உங்கள் கடல்நீரில் குளோரின் இல்லாத நன்னீர் கலந்தால் உப்புக் குறையும். 35 கிராம் உள்ள 14 லீற்றர் கடல்நீருடன் 6 லீற்றர் நன்னீர் சேர்த்தால் 24.5 வரும், அதாவது ஏறக்குறைய 25. காற்றுக் குழாய் போட்டு, மீன் ஒளிந்துகொள்ள ஒரு சிறு சட்டித் துண்டோ பிளாஸ்ரிக் குழாய்த் துண்டோ வையுங்கள்.

3. பை வந்ததும் வெளிச்சத்தைக் குறையுங்கள். பையைத் திறக்காமல் அந்தத் தொட்டியில் 15 முதல் 20 நிமிடம் மிதக்கவிடுங்கள். இது சூட்டை மட்டுமே சமப்படுத்தும், உப்பைச் சமப்படுத்தாது. நான் செய்த பிழை இந்த இடத்தில்தான்.

4. பையைத் திறந்ததும் முதல் வேலையாகப் பைத் தண்ணீரின் உப்பை அளவுங்கள். தொட்டித் தண்ணீர் வித்தியாசமாக இருந்தால் உடனே நன்னீரோ கடல்நீரோ சேர்த்துச் சமப்படுத்துங்கள். ஓரிரு கிராம் குறைவாக இருந்தால் பரவாயில்லை. கூடுதலாக இருக்கக் கூடாது.

5. பிறகு தாமதிக்காமல் மீனை மட்டும் எடுத்துத் தொட்டியில் விடுங்கள். பைத் தண்ணீரை ஊற்ற வேண்டாம்.

ஏன் தாமதிக்கக் கூடாது? இராத்திரி முழுக்கப் பைக்குள் இருந்த மீனின் கழிவால் அந்தத் தண்ணீரில் அமோனியா சேர்ந்திருக்கும். பை கட்டியிருக்கும்வரை மீன் விட்ட மூச்சுக்காற்று தண்ணீரைக் கொஞ்சம் புளிப்பாக வைத்திருப்பதால் அமோனியாவின் விஷம் அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் அந்தக் காற்று வெளியேறும், புளிப்புக் குறையும், அமோனியா விஷமாக மாறும். ஆகவே தூர இடத்தில் இருந்து வந்த மீனை, திறந்த பைக்குள் மணிக்கணக்காக வைத்துக்கொண்டு தண்ணீர் சொட்டவிடுவது நல்லதல்ல. உப்புச் சமமான சுத்தமான தண்ணீருக்கு முதலில் மாற்றிவிட்டு, உப்பை ஆறுதலாகக் கூட்டுவதே சரியான ஒழுங்கு.

6. அன்று சாப்பாடு வேண்டாம். வெளிச்சம் வேண்டாம். பிள்ளைகள் கண்ணாடியைத் தட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பயந்த மீன் பாய்ந்துவிடும், ஆகவே மூடி வையுங்கள்.

ஐந்து நாள் கணக்கு

உப்பை ஒரு நாளைக்கு 2 கிராமுக்கு மேல் கூட்டாமல் இருப்பது பாதுகாப்பானது. 25 கிராமில் உள்ள 20 லீற்றர் தண்ணீரை 35க்குக் கொண்டுவர, ஒவ்வொரு நாளும் தொட்டியில் இருந்து கீழே சொன்ன அளவை எடுத்துவிட்டு, அதே அளவு 35 கிராம் கடல்நீரை மெதுவாக ஊற்றுங்கள்.

முதலாம் நாள்: 4 லீற்றர் மாற்றினால் 27 கிராம்.
இரண்டாம் நாள்: 5 லீற்றர் மாற்றினால் 29 கிராம்.
மூன்றாம் நாள்: ஆறே முக்கால் லீற்றருக்குச் சற்றுக் குறைவாக மாற்றினால் 31 கிராம்.
நான்காம் நாள்: 10 லீற்றர் மாற்றினால் 33 கிராம்.
ஐந்தாம் நாள்: 35 கிராம் உள்ள தண்ணீருக்கு மாறலாம்.

நாள் போகப் போக மாற்றும் அளவு கூடுவதைக் கவனியுங்கள். தொட்டித் தண்ணீர் கடல்நீரை நெருங்க நெருங்க, அதே 2 கிராமைக் கூட்டக் கூடுதல் தண்ணீர் வேண்டும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. தினமும் தண்ணீர் மாறுவதால் கழிவும் வெளியேறும். அன்றன்றைய அளவைக் காலையில் பாதி, பின்னேரம் பாதி என்று ஊற்றினால் இன்னும் நல்லது.

இந்த நாட்களில் மீன் மூச்சு வேகமாக வாங்கினால், ஒரு மூலையில் சாய்ந்து நின்றால், சாப்பிட மறுத்தால் அன்று உப்பைக் கூட்ட வேண்டாம். இருக்கும் அளவிலேயே சுத்தமான தண்ணீர் மாற்றி ஒரு நாள் பொறுத்திருங்கள். ஐந்து நாள் வேலை எட்டு நாளானால் நஷ்டம் இல்லை.

ஐந்தாம் நாள் முடிந்தாலும் பெரிய தொட்டியில் உடனே விட வேண்டும் என்றில்லை. இரண்டு மூன்று வாரம் தனியாக வைத்து, வெள்ளைப் புள்ளியோ வேறு நோயோ இல்லை என்று கண்ட பிறகு விட்டால் பழைய மீன்களும் தப்பும்.

சொட்டு முறை யாருக்கு?

இறால், நட்சத்திரமீன், கடற்சாமந்தி போன்றவற்றின் கதை வேறு. நட்சத்திரமீனும் கடற்சாமந்தியும் தங்கள் உடம்பு உப்பைக் கட்டுப்படுத்த முடியாதவை, வெளியே உள்ள அளவே அவற்றுக்கு உள்ளேயும். கூடினாலும் தாங்காது, குறைந்தாலும் தாங்காது. பவளப்பாறையில் வாழும் சிறு இறால்களும் திடீர் மாற்றத்தைத் தாங்குவதில்லை. இவற்றுக்குச் சொட்டு முறைதான் நல்லது.

ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே மாதிரி, பெரிய தொட்டியை உயரத்தில் வைத்து, மெல்லிய புதுக் காற்றுக் குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, கீழே உள்ள வாளிக்குள் சொட்டவிடுங்கள். முடிச்சை இறுக்கியும் தளர்த்தியும் வேகத்தை மாற்றலாம். ஒரு செக்கனுக்கு மூன்று சொட்டு என்றால் ஒரு மணித்தியாலத்தில் அரை லீற்றருக்குக் கிட்ட வரும். இரண்டு மூன்று மணித்தியாலமாவது எடுங்கள். வாளிக்குள் காற்றுக் குழாய் ஓடட்டும். வித்தியாசம் அதிகம் என்றால் இவற்றுக்கும் நாட்கணக்கு முறையே.

கச்சானும் மாரியும்

என் தொட்டியில் 37 கிராம் எப்படி வந்தது? கடலிலேயே அவ்வளவு இல்லையே!

கச்சான் காற்று வீசும் மாதங்கள் அவை. தொட்டித் தண்ணீர் நாளுக்கு நாள் வற்றியது. வற்றும்போது தண்ணீர் மட்டுமே ஆவியாகும், உப்பு அடியிலேயே நிற்கும். நானோ குறைந்த அளவைக் கடல்நீரால் நிரப்பிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வாளியோடும் உப்பும் ஏறியது. கறி வற்றி உப்புக் கரித்தால் நாங்கள் பச்சைத் தண்ணீர் விடுவோமா, உப்புத் தண்ணீர் விடுவோமா? அடுப்படியில் தெரிந்தது மீன்தொட்டியில் எனக்குத் தெரியாமல் போனது. வற்றியதை நன்னீரால் மட்டுமே நிரப்ப வேண்டும். கண்ணாடியில் ஒரு கோடு கீறி, தினமும் அந்தக் கோடு வரை நிரப்புங்கள்.

மாரியில் நேர்மாறான பிரச்சினை. வாடைக்காற்றோடு மழை கொட்டும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் முகத்துவாரத்துக்கும் தோணாவுக்கும் அருகே அள்ளும் கடல்நீரில் வெள்ளநீர் கலந்திருக்கும். உப்புக் குறைவு மட்டுமல்ல, அழுக்கும் கூட. அந்த நாட்களில் அள்ளாமல் இருப்பதே நல்லது. மற்ற நாட்களிலும் முகத்துவாரத்தில் இருந்து தள்ளி, தெளிந்த இடத்தில் அள்ளி, துணியில் வடித்து, பிளாஸ்ரிக் பரலில் மூடி இருட்டில் இரண்டு வாரமாவது வைத்துவிட்டு, தெளிந்த மேல்நீரை எடுத்து அளந்து பாவியுங்கள். செம்பு, பித்தளைப் பாத்திரம் வேண்டாம். செம்பு மீனுக்கு நஞ்சு, இறாலுக்கு இன்னும் கொடிய நஞ்சு. கறிக்குப் போடும் உப்பைக் கரைத்துக் கடல்நீர் செய்யவும் முடியாது. கடல்நீரில் மக்னீசியம், கல்சியம், பொட்டாசியம் என்று வேறு உப்புகளும் இருக்கின்றன.

கிணறு உவர்த்த வீடுகளுக்கு

2004 டிசம்பர் 26க்குப் பிறகு எங்கள் கிணறுகள் கரித்ததை யாரும் மறக்கமாட்டோம். மணலுக்குக் கீழே கடல்நீரின் மேல் நன்னீர் ஒரு போர்வை போலக் கிடப்பதும், அவசரப்பட்டு அளவுக்கு மீறி இறைத்தால் கீழே உள்ள உப்பு மேலே ஏறுவதும் அப்போதுதான் பலருக்குத் தெரிய வந்தது. மழை பெய்து மெல்ல மெல்லவே பல கிணறுகள் தெளிந்தன. கடற்கரைக்குக் கிட்ட உள்ள சில வீடுகளில் கோடைக்கு இப்போதும் தண்ணீர் கரிக்கும்.

அப்படியான வீட்டில் நன்னீர் அலங்கார மீன்கள் எல்லாம் சரிவராது. ஆனால் மொலி சரிவரும். மத்திய அமெரிக்காவின் கரையோர ஆறுகளில் இருந்து வந்த இனம் அது. நன்னீரிலும் வாழும், உவர்நீரிலும் வாழும், மெதுவாகப் பழக்கினால் கடல்நீரிலும் வாழும். கடல் மீன் வளர்க்க விரும்பும் சகோதரிகள் முதலில் நாலு மொலியை எடுத்து, நாளுக்கு 2 கிராம் வீதம் உப்பைக் கூட்டிப் பழகுங்கள். இரண்டரை வாரத்தில் கடல் அளவுக்கு வந்துவிடலாம். விலை குறைந்த மீனில் கை பழகினால் விலை கூடிய மீனில் கண்ணீர் விடத் தேவையில்லை. குழாய்த் தண்ணீர் பாவித்தால் திறந்த வாளியில் காற்றுக் குழாய் போட்டு ஒரு நாளாவது வைத்து, குளோரின் போன பிறகே ஊற்றுங்கள். அன்டி குளோரின் பாவிப்பவர்கள் அதன் அளவைக் கவனித்துப் போடுங்கள்.

தொழிலாகச் செய்யும்போது

ஒரு கொப்பி வையுங்கள். தேதி, வந்த மீன், பைத் தண்ணீர் உப்பு, தினமும் உயர்த்திய அளவு, செத்தது எத்தனை என்று எழுதுங்கள். மூன்று மாதத்தில் அந்தக் கொப்பியே உங்களுக்கு ஆசிரியர். விற்கும்போதும், “எங்கள் தண்ணீர் இத்தனை கிராம் உப்பு” என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். உங்கள் மீன் மற்றவர் வீட்டில் சாகாவிட்டால் அவர் திரும்ப உங்களிடமே வருவார்.

முதல் தடவையிலேயே கடன் காசு முழுவதையும் கடல் மீனில் போட வேண்டாம். இரண்டு மீனில் தொடங்குங்கள்.

கிழக்குக் கடலில் அலங்கார மீன் பிடிக்கும் காலம், கடல் அமைதியாக இருக்கும் சித்திரை முதல் புரட்டாதி வரையான மாதங்கள். 1998இல் கடல் சூடேறிப் பாசிக்குடா, கல்குடா உட்பட எங்கள் நாட்டின் பல பவளப்பாறைகள் வெளிறி இறந்தன. அந்தப் பாறைகளே இந்த மீன்களின் வீடு. பவளப்பாறை உடைப்பது சட்டப்படி குற்றம், சில மீன் இனங்களைப் பிடிக்கவும் ஏற்றுமதி செய்யவும் தடை உண்டு. எதைப் பிடிக்கலாம், எதற்கு அனுமதிப் பத்திரம் வேண்டும் என்பதைக் கடற்றொழில் திணைக்களத்தில் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். வளர்ப்பு பற்றிய ஆலோசனைக்கு நக்டா இருக்கிறது. எங்கள் அம்பாறை மாவட்டத்தில் இங்கினியாகலையில் அதன் நிலையம் உண்டு.

கடைசியாக ஒன்று

இரண்டாவது தடவை ஆறு மீன்கள் எடுத்தேன். அந்த உத்தியோகத்தர் சொன்னபடி தனித் தொட்டி, தினமும் அளவு, தினமும் கொஞ்சம் கடல்நீர். ஐந்து நாள் வேலை ஏழு நாளானது. ஒன்று செத்தது, ஐந்து பிழைத்தன. முதலில் தப்பிய மூன்றோடு சேர்த்து எட்டு மீன்கள் அந்த டிஸ்பென்சரிக்குப் போயின. கடனை ஒரேயடியாக அடைக்க முடியவில்லை, தவணை தவணையாக அடைத்தேன். ஆனால் அடைத்தேன்.

சகோதரிகளே, நாங்களும் எத்தனையோ தடவை ஊர் மாறி, முகாம் மாறி, வீடு மாறி வந்தவர்கள். புது இடத்தில் இறங்கிய முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை என்பது போலத்தான் இருந்தோம். மூன்றாம் நான்காம் நாளில்தானே உடம்பும் மனமும் தளர்ந்தன? அப்போது யாராவது நாங்கள் எங்கிருந்து வந்தோம் என்று கேட்டு, ஆறுதலாகப் பழகவிட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று இப்போதும் நினைப்பதுண்டு. உங்கள் தொட்டிக்கு வரும் மீனிடம் முதலில் அதைக் கேளுங்கள்: எந்தத் தண்ணீரில் இருந்து வருகிறாய்? அது வாய் திறந்து சொல்லாது. பைத் தண்ணீர் சொல்லும். அளந்து பாருங்கள்.